பாட்டு தீர்ந்த இடம்

நாங்கள் ஏறிய ரயில் திருத்தணி வரை போகாது என்பது, அரக்கோணத்தில் எல்லோரும் இறங்கிப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பெட்டியில் நானும் மெய் லிங்கும் எங்கள் டிவியும் மட்டும் மிச்சம். பெருக்க வந்த அம்மாள், "இதாம்மா கடைசி. எறங்குங்க, வண்டி ஷெட்டுக்குப் பூடும்" என்றார்.

டிவியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இறக்கினோம். டிவியும் வீடியோ டெக்கும் ஒரே உடம்பாகச் சேர்ந்த பழைய பெட்டி அது. மலேசியாவிலிருந்து போர்வை சுற்றிக் கொண்டுவந்திருந்தோம். பிளாட்பாரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"இன்னாங்க அது, ஓவனா?"

"டிவிங்க. கேசட் போட்டுப் பாக்கிறது."

"அதெல்லாம் இன்னும் கீதா?" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க கல்யாணக் கேசட்டும் பரண்ல கீது. பூஞ்சை புடிச்சி பூட்டிருக்கும்" என்றார். 

நான் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். மெய் லிங் பள்ளிக்கூடத்திலிருந்து தோழி. நாங்கள் பேசிக்கொள்வது மலாயில். அவளுடைய அப்பா ஈப்போவில் வீடியோ வாடகைக் கடை வைத்திருந்தார். கடை மூடிய பிறகும் கேசட்டுகள் வீட்டிலேயே கிடந்தன. அவற்றோடு விளையாடத் தொடங்கித்தான் நாங்கள் இருவரும் கலைஞர்கள் ஆனோம். டேப் ரிக்கார்டர், பேஜர், டெக் என்று ஊர் தூக்கிப் போட்ட கருவிகளை வைத்துக் கண்காட்சி செய்கிறோம். கருவி செத்துப்போனால் அதற்குள் இருக்கும் மனிதர்கள் எங்கே போகிறார்கள் என்பதுதான் எங்களுக்கு எப்போதும் கேள்வி.

பினாங்கில் அடுத்த கண்காட்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அப்போதுதான் ஈப்போவில் நாங்கள் சாப்பிடும் கடையில் ரொட்டி போடும் தணிகாசலம் ஒரு சேதி சொன்னார். திருத்தணியில் அவருடைய மாமா கஜேந்திரன் கல்யாண வீடியோ எடுப்பவர். யாரும் வாங்க வராத பழைய கேசட்டுகள் அவர் கடைப் பரணில் மூட்டையாகக் கிடக்கின்றன. மெய் லிங் அன்றைக்குச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டாள்.

கஜேந்திரனின் கடை மலைக்குப் போகிற சாலையில் இருக்கிறது. இப்போது கோப்பையில் போட்டோ அச்சடிக்கிறார், டிரோன் பறக்கவிடுகிறார். அறுபது வயதைத் தாண்டிய மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு லென்ஸ் துடைக்கும் துணி. எங்களைப் பார்த்ததும் முதலில் டிபன் சாப்பிட அழைத்துப் போனார். இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி. எங்கள் ஊர்த் தமிழ் முஸ்லிம்களின் 'மமாக்' கடையில் பெரிய குவளையில் தே தாரிக் என்னும் ஆற்றிய டீ குடித்துப் பழகிய மெய் லிங், கைக்குள் அடங்குகிற டீ கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இன்னொன்று கேட்டாள்.

"ஏன் யாருமே வாங்க வரல?" என்று கேட்டேன்.

"மலை மேல கல்யாணம் பண்றவங்க எங்கெங்கிருந்தோ வருவாங்க, மேடம். தாலி கட்டுவாங்க, சாப்புடுவாங்க, வேன் ஏறிப் போய்கினே இருப்பாங்க. கேசட்டு ரெடியாவ ஒரு மாசம் ஆவும். அதுக்குள்ள அவங்கவங்க பொழப்பு. சிலதுங்க வீட்ல டெக்கே இருக்காது. சிலது சேர்ந்தே இருந்திருக்காது." மூட்டையைக் கீழே தள்ளினார். "எடுத்துகினு போங்க. பரண் காலியாவும்."

ஆனால் மெய் லிங் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். அந்தந்தக் கல்யாண வீட்டாரிடம் போய்க் கேட்காமல் ஒரு முகத்தைக்கூடத் திரையில் காட்டக்கூடாது. ஒவ்வொரு கேசட்டின் மேலும் கஜேந்திரன் மணமக்கள் பெயரையும் ஊரையும் எழுதி ஒட்டியிருந்தார். வீடு வீடாகப் போவது என்று முடிவெடுத்தோம்.

மலைக்கும் போனோம். முகூர்த்த நாள். மண்டபத்துக்கு மண்டபம் மேளம், ஒரே நேரத்தில் பல தாலிகள், தலைக்கு மேலே டிரோன். பத்துமலையில் தைப்பூசத்தன்று அடிக்கிற அதே சந்தனமும் வியர்வையும் கலந்த வாசம் அடித்தது. ஒரு மணப்பெண் மெய் லிங்கைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டாள். "அவர்கள் ஆல்பத்தில் நான் யார் என்று இன்னும் இருபது வருஷம் கழித்துக் குழம்புவார்கள்" என்றாள் மெய் லிங்.

மறுநாள் திருவாலங்காடு. கரும்பு டிராக்டர் ஒன்று குறுக்கே நின்றுவிட, ஆட்டோவை விட்டு இறங்கி டிவியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். மாப்பிள்ளையாக இருந்தவர் வீட்டில்தான் இருந்தார். கேசட்டில் ஒட்டியிருந்த பெயரைப் படித்தவர், வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு எங்களைத் தெருமுனைக்கு அழைத்துப் போனார்.

"அந்தக் கல்யாணமே இப்ப இல்லீங்க. இப்ப உள்ள கீறவங்க வேற. தயவு பண்ணி இத்தக் கொளுத்திடுங்க."

கொளுத்தவில்லை. அவர் கண்ணெதிரே நாடாவை உருவி, சுருட்டி அவரிடமே கொடுத்தாள் மெய் லிங்.  அப்பாவின் கடைக் கேசட்டுகளில் ஒன்றைக்கூட அவள் அப்படிச் செய்ததில்லை.

அடுத்த நாள் பள்ளிப்பட்டு பஸ். டிவி என் மடியில், அதன் மேல் யாரோ கொடுத்த பூக்கூடை. முன் சீட்டில் இரண்டு பெண்கள் தெலுங்கில் எங்களைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். என் பக்கத்தில் இருந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு தமிழில் சொன்னார்: "அந்தச் சீனப் பொண்ணு இங்க வாக்கப்பட்டு வந்துருக்குதாம். சீர்ல டிவி குடுத்து அனுப்புனாங்களாம்." மெய் லிங்கிடம் சொன்னேன். அவள் எழுந்து அந்தப் பெண்களுக்கு ஒரு கும்பிடு போட்டாள். பஸ்ஸே சிரித்தது. அந்தப் பயணத்தில் நாங்கள் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் கடைசி.

நாங்கள் தேடிப்போன ஊர் பள்ளிப்பட்டைத் தாண்டி ஆந்திர எல்லையை ஒட்டி இருந்தது. கேசட்டில் புவனேஸ்வரி என்று பெண் பெயர். அப்பா பெயர் முனிரத்தினம். கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு அம்மாள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

நான் உற்சாகமாகவே கேட்டேன். "புவனேஸ்வரி இருக்காங்களாம்மா? அவங்க கல்யாணக் கேசட் கொண்டாந்திருக்கோம்."

அவர் கை நின்றது. என்னையும் போர்வை சுற்றிய பெட்டியையும் மெய் லிங்கையும் பார்த்தார்.

"புவனா செத்துப் பூட்டாம்மா" என்றார். "கல்யாணம் ஆன ஆடியிலயே."

 என் முகத்தைப் பார்த்தே மெய் லிங்குக்குப் புரிந்துவிட்டது. டிவியைத் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த அம்மாள்தான் எங்களைத் தேற்றுகிறவர் போல, "வெயில்ல வந்துகினு கீறீங்க, உள்ள வாங்க" என்று எழுந்தார். பெயர் கன்னியம்மா. தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை என்னையே பார்த்திருந்துவிட்டு, "உன் வயசுதான் இருந்திருப்பா" என்றார்.

முனிரத்தினம் நிலத்திலிருந்து வந்தார். சேதியைக் கேட்டதும் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு கேசட்டை வாங்கினார். மோந்து பார்த்தார்.

"ஆடிக்கு அழைச்சிகினு வந்தோம்மா" என்று என்னிடம் சொன்னார். "வந்த நாள்லேர்ந்து கேட்டுகினே இருந்தா. நைனா, கேசட்டு வாங்கியா, வாடகைக்கு டெக்கு எடுத்துகினு வா, தெருவுக்கே போட்டுக் காட்டலாம்னு. நான் கடலை விதைச்சிகினு இருந்தேன். ஈரம் காஞ்சிடும், நாளைக்கிப் போறேன், நாளைக்கிப் போறேன்னேன். அதுக்குள்ள காமாலை கண்டுடுச்சி. வேலூருக்குத் தூக்கிகினு போனோம். அப்புறம் அந்தக் கேசட்ட வாங்கியாந்து நான் இன்னா பண்றது?"

போட்டுப் பார்க்கலாமா என்று அவரே கேட்டார். கன்னியம்மா சட்டென்று எழுந்தார்.

"வேணாம். அவ மொகம் இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா எனக்கு மறந்துகினு வருது. மறுபடி மொதல்லேர்ந்தா?"

"நான் மட்டும் பாக்கறேன். நீ பின்னால போய் உக்காரு."

"பாரு. ஆனா ஒண்ணு." என்னிடம் திரும்பினார். "போன்ல கீன்ல ஏத்திக் குடுத்துடாத, பாப்பா. ஏத்துனா இந்தாளு தெனம் அத்தயே பாத்துகினு உக்காந்துடுவாரு. அப்புறம் எனக்கு யாரு கீறாங்க?"

சுவரில் மாலை போட்ட படம் எதுவும் இல்லாததை அப்போதுதான் கவனித்தேன். படம் டிரங்குப் பெட்டிக்குள் இருப்பதாகவும் வைத்தவர் கன்னியம்மாதான் என்றும் முனிரத்தினம் பிறகு சொன்னார். நான் என் போனை அணைத்து, கன்னியம்மா பார்க்கவே பைக்குள் போட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பக்கத்து வீட்டுத் தறியும் நின்று, தெருவே ஓய்ந்தது. கரண்ட் வருகிறவரை சாப்பிடச் சொன்னார் கன்னியம்மா. கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று மெய் லிங்குக்குச் சைகையில் காட்டிக்கொடுத்தார். காட்டும்போது ஒரு சின்னச் சிரிப்புகூட வந்தது. எங்களுக்குப் போட்டுவிட்டு அவர் சாப்பிடவில்லை. தோட்டத்துப் பக்கம் போய்ப் பாத்திரம் விளக்க உட்கார்ந்துவிட்டார்.

கரண்ட் வந்தது. மெய் லிங் கேசட்டின் மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. மெல்லிய தூரிகையால் வெகுநேரம் துடைத்தாள். "ஒரு முறை ஓடும். அதற்கு மேல் எனக்கு நிச்சயமில்லை. மறுபடி ஓட்டுவதானால் இதை ஊருக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்துதான் ஓட்ட வேண்டும்" என்றாள். முனிரத்தினத்திடம் சொன்னேன். "ஒரு வாட்டி போதும்மா" என்றார்.

திரையில் முதலில் கோடுகள், பிறகு கோபுரம், பிறகு இதயத்துக்குள் இரண்டு முகங்கள். உடனே சினிமாப் பாட்டு. அந்தக் காலத்துக் கல்யாண வீடியோவில் எங்கள் ஈப்போவிலும் இப்படித்தான். மேளத்தையும் மந்திரத்தையும் பேச்சையும் அழித்துவிட்டு முழுக்கப் பாட்டு ஏற்றிவிடுவார்கள். தாலி கட்டும்போது ஒரு பாட்டு, காலில் விழும்போது ஒரு பாட்டு. முனிரத்தினம் திரைக்கு மிக அருகில் குந்தியிருந்தார். மகள் வருகிற இடத்திலெல்லாம் அவர் தலை அவளோடு சேர்ந்து திரும்பியது. ஒரு இடத்தில் அவள் அவரைப் பார்த்து ஏதோ நீளமாகச் சொல்கிறாள். உதடு அசைகிறது. கேட்பதோ சினிமாப் பாட்டு.

"பேசறாளே. கேக்கலியே" என்றார்.

"பாட்டு போட்டதால சத்தம் அழிஞ்சிருக்கும், ஐயா."

"கொஞ்சம் கூட வெச்சிப் பாரும்மா."

கூட்டி வைத்தேன். பாட்டுதான் பெரிதாகக் கேட்டது. அவர் கண்ணைத் துடைத்தபடி இருந்தார். துடைக்கிற நேரத்தில் மகளைத் தவறவிட்டுவிடுவோம் என்று பயந்து ஒரு கண்ணை மட்டும் மாற்றி மாற்றித் துடைத்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை. தோட்டத்தில் பாத்திரம் உரசும் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது.

பந்தி நடக்கும் இடத்தில் பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு தொடங்கவில்லை. ஒரு கரகரப்பு. பிறகு, திடீரென்று, கூடம் நிறைய ஆட்கள் பேசும் சத்தம், வாளி வைக்கும் சத்தம், யாரோ ரசம் கேட்கிறார்கள். அதற்கெல்லாம் மேலே ஒரு இளம்பெண்ணின் குரல்:

"எம்மா! எம்மோவ்! நீ சாப்ட்டியா?"

"ஆங், இன்னாடி?" என்று தோட்டத்திலிருந்து கன்னியம்மா பதில் குரல் கொடுத்தார்.

பாத்திரச் சத்தம் நின்றது. மெய் லிங் என் கையைப் பிடித்துக்கொண்டாள். திரை வெறும் புள்ளிகளாகி, கேசட் தானாக நின்றது.

கன்னியம்மா வந்து பின்வாசற்படியில் நின்றார். இரண்டு கையிலும் சாம்பல். திரையைப் பார்க்கவில்லை, கதவு நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு வாட்டி கூப்புடச் சொல்லும்மா" என்றார்.

மெய் லிங்கிடம் சொன்னேன். அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். "திருப்பிச் சுற்றினால் நாடா மாட்டிக்கொள்ளலாம். அந்த இடம் போய்விடலாம். நான் எடுத்துக்கொண்டு போய்ப் பத்திரமாகச் செய்து அனுப்புகிறேன் என்று சொல்."

சொன்னேன். "அதாங்க சரி. பத்திரமா பண்ணிக் குடுக்கட்டும்" என்றார் முனிரத்தினம். "ஒரு மாசம் ஆனாலும் ஆவட்டும்."

"அன்னிக்கும் நாளைக்கி நாளைக்கின்னுதான் சொன்ன" என்றார் கன்னியம்மா. குரலை உயர்த்தவில்லை. "இப்ப போடச் சொல்லு."

முனிரத்தினத்தின் தலை குனிந்தது. மெய் லிங் என்னைப் பார்த்தாள். நான் கன்னியம்மாவைப் பார்த்தேன். மெய் லிங் சுற்றினாள்.

டெக் முனகிக்கொண்டே சுற்றியது. பந்தி வந்தது. கன்னியம்மா கண்ணை மூடிக்கொண்டு நிலையைப் பிடித்துக்கொண்டார். "எம்மா! எம்மோவ்! நீ சாப்ட்டியா?"

இந்த முறை அவர் காத்திருந்து, மெதுவாக, "சாப்ட்டேம்மா" என்றார். "நீ சாப்புடு."

உடனே படம் இழுத்துக்கொண்டு போனது. டெக்குக்குள்ளே நசுங்குகிற சத்தம். மெய் லிங் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டியைத் திறந்து, மூச்சுவிடாமல், நகத்தாலும் இடுக்கியாலும் நாடாவை எடுத்தாள். வெளியே வந்த நீளம் விசிறிபோல் மடிந்து, நடுவில் கிழிந்திருந்தது. எந்த இடம் என்று யாரும் கேட்கவில்லை. மெய் லிங் தரையில் உட்கார்ந்து அழுதாள். மலாயில் "மன்னித்துக்கொள்ளுங்கள், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றாள்.

கன்னியம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அழுவாத. போனாப் போவுது. ரெண்டு வாட்டி கூப்டா இல்ல?" என்றார். அதை நான் மொழிபெயர்க்கத் திணறினேன்.

கிழிந்ததை வெட்டி ஒட்டி, மிச்ச நாடாவை மெய் லிங் மறுபடி கேசட்டில் சுற்றினாள். படம் ஓடும், பாட்டுகள் ஓடும். குரல் மட்டும் வராது. கண்காட்சி பற்றி நாங்கள் வாயே திறக்கவில்லை. கேசட்டைத் தட்டில் வைத்துக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் முனிரத்தினத்திடம் கொடுத்தாள். பஸ் வரை டிவியை அவர்தான் தோளில் தூக்கி வந்தார்.

மறுநாள் கஜேந்திரனிடம் மூட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். இன்னொரு வீட்டு வாசலில் போய்க் கேட்கிற துணிவு எங்களுக்குத் தீர்ந்திருந்தது. நடந்ததைச் சொன்னேன். லென்ஸ் துணியை எடுத்து விரலில் சுற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"கேமராவுல எடுத்த டேப்பு தனியா இருக்குமா, அதுல சத்தம் இருக்குமா?" என்று கேட்டேன்.

"அதுமேலயே அடுத்த கல்யாணம் எடுத்திருப்போம், மேடம். புது டேப்புக்கு எங்க போறது?" துணியை மடித்தபடி, "எந்த எடத்துல கேட்டுது?" என்றார்.

"பந்தியில."

"பாட்டு பத்தல" என்றார். "பாட்டு தீர்ந்து பூட்டிருக்கும். பந்திதான, யாரு பாக்கப் போறாங்கன்னு வுட்டிருப்பேன்." எதிரே கண்ணாடிக்குள் அடுக்கியிருந்த கோப்பைகளைப் பார்த்தபடி இருந்தார். "ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா அதுவும் இருந்திருக்காது."

மாலை ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. மெய் லிங் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். அரக்கோணத்துக்கு முன்னால் வண்டி வெட்டவெளியில் நின்றபோது என் போன் அடித்தது. முனிரத்தினம். பஸ் ஏற்றிவிடும்போது எண்ணை வாங்கி வைத்திருந்தார்.

"ஒண்ணுமில்லம்மா. இவ என்னைக் கேட்டுகினே கீறா. பொண்ணு அதுல எப்டி இருந்தா, இன்னா சேலை, மெலிஞ்சாப்ல இருந்தாளா, நல்லா இருந்தாளான்னு. எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. கண்ணுல தண்ணி கட்டிகினு நான் இன்னாத்தப் பாத்தேன்? நீ சொல்றியா?"

போன் கைமாறும் சத்தம். மறுமுனையில் மூச்சு மட்டும்.

நான் எழுந்து கதவருகே போய் நின்றேன். திரையிலிருந்து கண்ணை எடுக்கும்வரை பார்த்ததெல்லாம் நினைவில் இருந்தது. அரக்குச் சேலைம்மா, பச்சைக் கரை, என்றேன். மெலிஞ்சு இல்லை, கன்னம் நல்லாப் பூசினாப்ல இருந்துச்சு. பூ நிறைய வச்சிருந்தாங்க, கனம் தாங்காம ஒரு பக்கமா சாஞ்சிருச்சு, அதை ஒரு கையால பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. மாலை மாத்துறப்போ தவறிப் போய் மாப்பிள்ளை காதுல மாட்டிருச்சு. அப்ப வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க.

"ஆங்" என்றார் கன்னியம்மா. ஒவ்வொன்றுக்கும், "ஆங்... ஆங்..."

வண்டி நகர்ந்தது. சத்தத்தில் அவர் குரல் எனக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்கிறதா என்றும் தெரியவில்லை. குரலை உயர்த்திச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கதவருகில் நின்றிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எனக்கு இடம்விட்டு ஒதுங்கினார்கள்.